குவில்ட் கலைஞரின் ஒரு வருடம் எதில் கழிகிறது?

கேள்வி இதுதான்: “எனக்குத் தையல் நன்றாக வரும். துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் பேட்ச்வொர்க் போர்வை இரண்டு முடித்திருக்கிறேன். குவில்ட்டையே தொழிலாக வைத்துக்கொண்டு கண்காட்சிகளில் வைப்பவர்களுக்கு ஒரு வருடம் எப்படிப் போகும்? வருடத்துக்கு எத்தனை முடிக்க முடியும்?”

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். என் கைக்கு ஒரு வருடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி அளவில் மூன்று, அதைவிடச் சின்னதாக நாலைந்து. அதிலும் ஏதாவது ஒன்று சரிப்பட்டு வராமல் அலமாரிக்குள் போய்விடும். மெஷினில் வேகமாகச் செய்பவர்கள் இதைப்போல் இரண்டு மடங்கு முடிப்பார்கள். முழுக்கக் கையாலேயே தைப்பவருக்கு ஒரு பெரிய குவில்ட்டோடு வருடம் முடிந்துவிடும். ஆனால் ஊசி துணியில் ஏறி இறங்கும் நேரம் வருடத்தில் பாதி கூட வராது. மீதி நாட்கள் போகிற இடம்தான் உங்களுக்குத் தெரியவேண்டியது.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்தால் மட்டும் அது குவில்ட் ஆகாது. மேல்துணி, அடித்துணி, நடுவில் வாடிங் என்கிற பஞ்சு விரிப்பு. இந்த அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கிற தையல் இருந்தால்தான் குவில்ட். 14ஆம் நூற்றாண்டில் சிசிலியில் செய்த ஒரு குவில்ட் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிரிஸ்டன் என்ற வீரனைப் பற்றிய ஐரோப்பியப் பழங்கதையைக் காட்சி காட்சியாகச் சொல்லும். அதில் ஒட்டுத்துணி வேலையே கிடையாது. இரண்டு அடுக்கு லினன், தையல், உருவங்கள் புடைத்துத் தெரிய உள்ளே திணித்த பஞ்சு, அவ்வளவுதான். நிறத்தை நம்பாமல் மேடு பள்ளத்தை வைத்தே படம் வரைந்திருக்கிறார்கள்.

அடுத்தது, இந்த வேலையின் அடிப்படைச் சிக்கல். நீங்கள் தைப்பது கண்ணுக்கு ஒரு முழ தூரத்தில். பார்க்க வருபவர் முதலில் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று பார்ப்பார். பிடித்திருந்தால் கிட்டே வந்து மூக்கு இடிக்கிற தூரத்தில் தையலைப் பார்ப்பார். நீங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த அந்த ஒரு முழ தூரத்தில் நின்று யாருமே பார்ப்பதில்லை. போர்வைக்கு இந்தக் கவலை கிடையாது, அது மேலே கிடந்து குளிரை அடக்கினால் போதும். சுவருக்குப் போகிற குவில்ட்டுக்கு இதுதான் முழுக் கவலையும்.

1971இல் ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான்டர் ஹூஃப் இருவரும் சேகரித்த பழைய குவில்ட்டுகளை நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் சுவரில் நிமிர்த்தி மாட்டியது. கட்டிலில் கிடந்தவற்றை நவீன ஓவியம்போல் தள்ளி நின்று பார்க்கவைத்த கண்காட்சி அது. இன்று குவில்ட் கலை என்று நாம் பேசுவதில் பெரும் பகுதி அதற்குப் பிறகு கிளைத்தது. அதில் ஒரு குறையும் உண்டு. சுவரில் வடிவம் ஏறியது, செய்த பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் ஏறவில்லை. அதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்டவர்களும் அப்போதே இருந்தார்கள். உங்கள் குவில்ட்டின் பின்பக்கம் பெயர், வருடம், என்ன துணி, என்ன பஞ்சு என்று எழுதி ஒரு துணித்துண்டைத் தைத்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். ஒட்டாதீர்கள், தையுங்கள்.

சரி, வருடத்துக்கு வருகிறேன். அது ஜனவரியில் தொடங்குவதில்லை, கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிக் கிளம்புகிறது. பெரிய விழாக்களுக்கு வழக்கமான பருவம் உண்டு: ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம், செப்டம்பரில் பிரான்சின் அல்சேஸ் பகுதியில் உள்ள சென்ட்-மரி-ஓ-மீன், அக்டோபரில் அல்லது நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹியூஸ்டன். விண்ணப்பம் அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஏதென்ஸ் ஊரில் நடக்கும் ‘குவில்ட் நேஷனல்’ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 1979இல் சும்மா கிடந்த ஒரு பால்பண்ணைக் கொட்டகையில் தொடங்கியது. புது மாதிரியாகச் செய்த குவில்ட்டுகளை வழக்கமான போட்டிகள் ஏற்காததால், நான்சி குரோவும் அவர் சகாக்களும் தங்களுக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் கடந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் செய்ததை மட்டுமே எடுப்பார்கள். அதனால் ஒரு குவில்ட்டை நாலு வருடம் இழுத்தடித்தால், முடிக்கும்போது அது எந்தப் போட்டிக்கும் ஆகாமல் போகலாம், நன்றாக வந்திருந்தாலும்கூட.

வருடத்தின் முதல் இரண்டு மாதம் எனக்குத் துணியோடு போகும். வாங்கிய துணி, சாயம் போட்ட துணி, யாரோ கொடுத்த பழைய துணி எல்லாம் ஒரே மேசைக்கு வரும். நானே சாயம் போடுவதென்றால் பருத்திக்கு ரியாக்டிவ் சாயம்தான். சலவைச் சோடா சேர்த்து ஒரு நாள் ஊறவிட்டால் சாயம் இழையோடு வேதியியலாகவே பிணைந்துகொள்ளும். பிணையாத மிச்சம் வெளியேறும்வரை அலச வேண்டும். ஏழெட்டு அலசலுக்குப் பிறகும் தண்ணீர் ஊதாவாகவே வந்தால் மனிதருக்குக் கோபம் வரும். அந்த இடத்தில் பொறுமையிழந்து நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று கீழே சொல்கிறேன்.

பழைய துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த இடம். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினப் பெண்கள் உழைத்துக் கிழிந்த வேலைத்துணிகளில் குவில்ட் செய்து வந்தார்கள். 1942இல் மிசூரி பெட்வே என்பவர், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு குவில்ட் தைத்தார். முட்டி தேய்ந்த இடம் வெளிறி, பாக்கெட் பிய்த்த இடம் கருத்து, அந்த நிற வித்தியாசமே அந்த மாதிரிக் குவில்ட்டுகளுக்கு வடிவம் கொடுக்கிறது. எந்தச் சாயத்தொட்டியிலும் அந்த நீலத்தை எடுக்க முடியாது. 2002இல் இந்த ஊரின் குவில்ட்டுகள் ஹியூஸ்டனிலும் பிறகு விட்னியிலும் காட்சிக்கு வந்தபோது ஓவிய விமர்சகர்களே அசந்துபோனார்கள். 2006இல் தபால்தலையாகவும் வந்தன.

இதே காரணத்தால் எனக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு வேலைகள் வரும். தந்தையின் சட்டைகளை, தாயின் புடவைகளைக் கொண்டுவந்து கொடுத்து “இதில் ஏதாவது செய்து கொடுங்கள்” என்பார்கள். இப்படி வந்த சட்டைக் கட்டில் ஒன்றின் பாக்கெட் ஓரத்தில் பேனா மை கசிந்து ஊறிய கறை இருந்தது. வெட்டி எறிவதா வைத்துக்கொள்வதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, கொடுத்தவரிடமே கேட்டேன். “அதுதான் அப்பா” என்றார். அந்தக் குவில்ட்டின் நடுவில் அந்தக் கறைதான் இருக்கிறது. கேட்காமல் நறுக்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

அப்புறம் சுவர். வேலை செய்கிற அறையில் ஒரு சுவர் முழுக்க ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டிவிடுங்கள். வெட்டிய பருத்தித் துண்டுகள் குண்டூசி இல்லாமலே அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். என் வருடத்தில் மிக மெதுவாக நகரும் காலம் இதுதான், வெளியிலிருந்து பார்த்தால் சும்மா நிற்பதுபோலவே இருக்கும். ஒரு துண்டை இடம் மாற்றிவிட்டுப் பின்னால் போய் நிற்பேன், திரும்ப வருவேன், இன்னொன்றை மாற்றுவேன். அறை சின்னதாக இருந்தால் பின்னால் போக இடம் இருக்காது. அதற்குக் குவில்ட்காரர்கள் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். வாசல் கதவில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகப் பொருத்தும் சின்னக் கண்ணாடிக் குழாயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதன் வழியே பார்ப்பார்கள். நாலடியில் நின்றாலும் இருபதடி தள்ளி நிற்பதுபோல் சுருங்கித் தெரியும். செல்போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பதும் நல்லது. சிவப்பும் பச்சையும் கிட்டே பார்க்கும்போது சண்டை போடுகிற மாதிரி இருக்கும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு முதலில் எட்டுவது நிறத்தைவிட வெளுப்பும் கறுப்பும்தான். புதிதாகச் செய்பவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் சறுக்கும் இடம் இது. அவர்கள் தையலைப் போய்ச் சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

துண்டுகளை இணைப்பது உங்களுக்குத் தெரிந்த வேலை, விரித்துச் சொல்லவில்லை. ஒரே ஒரு கணக்கு. தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பது விதி. அதில் ஒரு பக்கத்துக்கு 1/32 அங்குலம் பிசகினால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு தையலில் இரண்டு பக்கமும் சேர்த்து 1/16 போய்விடும், குறுக்கே 30 தையல் இருந்தால் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். பக்கத்து வரிசையில் 20 தையல்தான் என்றால் அது வேறு நீளத்தில் நிற்கும். இரண்டையும் இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் பானை வயிறு விழும். பாவு நூலுக்கோ ஊடை நூலுக்கோ நேராக வெட்டிய ஓரம் சொன்னபடி கேட்கும். கிராஸாக வெட்டியது ரப்பர்போல் நீளும், இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள்.

மூன்று அடுக்கையும் பரப்பி, சுருக்கமில்லாமல் இழுத்து, குண்டூசியோ பெரிய ஓட்டுத்தையலோ போட்டு நிறுத்திய பிறகு, எனக்குப் பிடித்த கட்டம் தொடங்குகிறது. கையால் குவில்ட் தைக்கும்போது வலதுகை நடுவிரலில் அங்குஸ்தான் என்கிற விரல் கவசம், இடதுகை துணிக்கு அடியில். ஊசியை நட்டுக்குத்தாக இறக்குவேன். அடியில் இருக்கும் விரல்நுனியில் முனை லேசாகச் சுருக் என்று பட்டதுமே ஊசியைச் சாய்த்து மேலே கொண்டுவர வேண்டும். விரல் உணர்வதற்கு முன்னால் திருப்பினால் அடித்துணியில் தையல் விழாது, தாமதித்தால் ரத்தம் வரும். இப்படித் தொட்டிலாட்டுவதுபோல் ஆட்டி ஆட்டி மூன்று நாலு தையலை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்பது. அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் தையல் மேலே தெரிந்தால் நல்ல கை என்பார்கள். நான் ஏழில் நிற்கிறேன். ஆனால் எல்லாம் ஒரே அளவாக விழும், எண்ணிக்கையைவிட அதுதான் முக்கியம் என்று சொல்லிக்கொள்வேன். நூலின் முடிச்சை மேல்துணிக்குள் ‘டப்’பென்று இழுத்துப் பஞ்சுக்குள் புதைக்கும்போது கேட்கும் சின்னச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே புது நூல் கோக்கலாம். ரத்தத்துளி பட்டுவிட்டால் பதற வேண்டாம். வெள்ளை நூல் கொஞ்சம் வாயில் போட்டு மென்று அதனால் ஒற்றி எடுங்கள், உடனே செய்தால் அவரவர் எச்சிலுக்கே போய்விடும்.

மெஷினில் செய்வது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் குவில்ட்டை நகர்த்தி, ஊசியைப் பேனாவாக வைத்து வரைவது அது. தாளை நகர்த்தி எழுதுவதுபோல. அதுவும் ஐந்தடிக் குவில்ட் மேசையிலிருந்து தொங்கினால் அந்தப் பாரமே துணியைப் பிடித்து இழுக்கும், வளைவு வரவேண்டிய இடத்தில் கோணல் விழும். பக்கத்தில் இன்னொரு மேசை போட்டுப் பாரத்தை ஏற்றி வையுங்கள். இல்லாவிட்டால் தோள்பட்டை மூன்றே நாளில் பதில் சொல்லிவிடும். தையல் நெருக்கமாக விழும் இடம் உள்ளே சுருங்கும், போடாத இடம் உப்பும். ஆகவே நடுவில் அடர்த்தியாகப் போட்டு ஓரத்தைச் சும்மா விட்டால் ஓரம் அலையலையாக ஆடும். நான் முதல் இரண்டு வருடம் இதைப் புரிந்துகொள்ளாமல் துணியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தைத்து முடித்ததும் குவில்ட் எந்தப் பக்கமும் நேராக இருக்காது. நனைத்து, தரையில் பலகைமேல் விரித்து, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். எதிரெதிர் ஓரங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும், ஓரங்களும் மூலைவிட்டங்களும் சோடி சோடியாகச் சமமாக வந்தால் மூலைகள் நேர். பள்ளியில் படித்ததில் எனக்கு வேலைக்கு ஆகிற ஒரே பாடம் இது.

மேலே சொன்ன சாயக் கதை இங்கேதான் நடந்தது. ஒரு குவில்ட்டில் அரக்குச் சிவப்பு ஒரே ஒரு பட்டை. கடையில் வாங்கிய துணி, சாயம் போகாது என்று நினைத்து அலசாமல் வைத்துத் தைத்துவிட்டேன். ஐந்து மாத வேலை. நனைத்து விரித்துவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் பட்டைக்குப் பக்கத்து வெள்ளையில் இளஞ்சிவப்பு இறங்கியிருந்தது, காகிதத்தில் எண்ணெய் படர்ந்த மாதிரி. விண்ணப்பத்துக்குப் பதினோரு நாள். உட்கார்ந்து அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது. பிறகு பெரிய தொட்டியில் கை பொறுக்கிற அளவைவிடச் சூடான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் தாராளமாக, குவில்ட் முழுக்க மூழ்கும்படி அமுக்கிப் பன்னிரண்டு மணி நேரம். தண்ணீர் சிவந்தது, மாற்றினேன். மறுபடி பன்னிரண்டு மணி நேரம். மூன்றாவது தண்ணீர் தெளிவாக நின்றபோது வெள்ளையும் திரும்பியிருந்தது. கறை போகும்வரை உலரவிடக் கூடாது, இஸ்திரி போடவே கூடாது. சூடு பட்டால் எடுப்பது மிகவும் கஷ்டம். இப்போதெல்லாம் எந்தத் துணியாக இருந்தாலும் ஒரு துண்டு வெட்டி, ஈரமாக்கி, வெள்ளைத் துணிமேல் வைத்து ஒரு ராத்திரி விடாமல் உள்ளே சேர்ப்பதில்லை.

ஓரப்பட்டி தைத்த பிறகு பின்பக்கம் மேலே ஒரு குழாய்த்துணி தைக்க வேண்டும், சுவரில் மாட்டும் கம்பு போவதற்கு. நாலங்குல அகலம் பொதுவாகக் கேட்பார்கள். அதைத் தட்டையாகத் தைக்காமல் வெளிப்பக்கம் கொஞ்சம் தொய்வு விட்டுத் தைத்தால், கம்பின் கனம் அந்தத் தொய்வுக்குள் அடங்கிவிடும், முன்பக்கம் மேடு தட்டாது. ஊசி அடித்துணியையும் பஞ்சையும் மட்டும் பிடிக்க வேண்டும், முன்னே தெரியக் கூடாது. கண்காட்சிக் குவில்ட்டை எடுத்துப் பார்த்தால் நான் முதலில் திருப்புவது இங்கேதான். தைத்தவர் அவசரப்பட்டாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இனிமேல் வருவதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தேர்வுக் குழு உங்கள் குவில்ட்டைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்க்கிறது. நூற்றுக்கணக்கான படங்கள் ஓடும், ஒவ்வொன்றுக்கும் முதல் சுற்றில் சில நொடி. ஐந்து மாத வேலை, ஒரு சாய்ந்த புகைப்படத்தால் போய்விடும். முழுப்படத்தில் நாலு ஓரமும் தெரிய வேண்டும். கேமரா குவில்ட்டின் நடு உயரத்தில், நேராக. இரண்டு விளக்கு, இரண்டு பக்கமும் 45 டிகிரியில், ஜன்னல் வெளிச்சம் கலக்காமல். கிட்டப்படத்துக்கு மட்டும் ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதைப் பக்கவாட்டில் சரித்து வைத்தால் தையலின் மேடு பள்ளம் எழுந்து வரும். நான் இதற்கு மூன்று முழு நாள் ஒதுக்குகிறேன். விண்ணப்பத்தோடு நாலு வரி எழுதச் சொல்வார்கள். “நிறங்களின் வழியே என் அகப்பயணம்” என்று தொடங்காதீர்கள், எத்தனையோ பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். எதைப் பார்த்தீர்கள், எதைச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஒரு வருடம் பதினோரு இடத்துக்கு அனுப்பினேன், நாலில் எடுத்தார்கள். அதை நல்ல வருடம் என்றுதான் எண்ணிக்கொண்டேன். மறுத்த ஏழில் ஒன்று அடுத்த வருடம் வேறோர் இடத்தில் பரிசு வாங்கியது. குழு தேடுவது ஒரு தொகுப்பு, அங்கே உங்களுடையது பொருந்தவில்லை என்பதும் ஒரு காரணம். விழாப் போட்டிகளில் வேறு மாதிரி: நடுவர்கள் நிஜக் குவில்ட்டைத் தொட்டுத் திருப்பிப் பார்த்துக் குறிப்பு எழுதுவார்கள். “ஓரப்பட்டிக்குள் பஞ்சு முழுதாக நிரம்பவில்லை” என்று ஒருமுறை எனக்கு வந்தது. கோபம் வந்தது, பட்டியை நசுக்கிப் பார்த்தேன், உண்மை.

தேர்வானால் அனுப்ப வேண்டும். இதில் துணிக்கு ஒரு வசதி உண்டு. அமெரிக்கக் கலைஞர் ஃபெயித் ரிங்கோல்ட் ஓவியத்திலிருந்து துணிப்பக்கம் வந்ததற்கு ஒரு காரணமே அதுதான்: சட்டம் போட்ட பெரிய ஓவியத்தைத் தூக்கிச் செல்ல ஆளும் வண்டியும் வேண்டும், துணியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து எங்கும் அனுப்பலாம். 1980இல் தையல் தெரிந்த தன் தாய் வில்லி போசியோடு சேர்ந்து முதல் குவில்ட்டைச் செய்தார். சுருட்டும்போது முகப்பு வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். உள்ளே போகிற பக்கம்தான் சுருக்கம் விழும், அது பின்பக்கத்துக்குப் போகட்டும். எப்படித் திரும்பச் சுருட்ட வேண்டும் என்று படம் எடுத்துப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நான் வைக்காமல் அனுப்பியது ஒருமுறை எட்டாக மடிந்து சப்பாத்திக்கட்டைபோல் அழுத்திய மடிப்போடு திரும்பி வந்தது. அனுப்பியவர்கள் யார் என்பது இருக்கட்டும், படம் வைக்காதது என் தவறு.

தனிக் கண்காட்சி என்றால் மாட்டுவதே தனி வேலை. குவில்ட்டின் நடு, நிற்பவர் கண் உயரத்துக்குச் சற்றுக் கீழே வரட்டும். பக்கத்தில் பக்கத்தில் நெருக்காதீர்கள். ஒன்றின் முன் நின்று பின்னால் நகரும்போது ஓரக்கண்ணில் அடுத்தது நுழையக் கூடாது. வெளிச்சம் துணிக்கு எதிரி. அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் அளவுதான் விடுவார்கள், நாம் படிக்கும் மேசை வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு. வெளிச்சத்தால் போன நிறம் போனதுதான், ஓய்வு கொடுத்தாலும் திரும்பாது. ஆனால் அந்த மங்கலில் தையல் தெரியாது என்று கலைஞர் மனசு அடித்துக்கொள்ளும். நான் சில வாரக் கண்காட்சிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விடுகிறேன், வெயில் மட்டும் படாமல். இது சரியா என்று காப்பாளர்களிடம் கேட்டால் திட்டுவார்கள்.

வருபவர்கள் இரண்டே கேள்வி கேட்பார்கள்: “எத்தனை நாள் ஆச்சு?”, “கையா, மெஷினா?” அப்புறம் தொட்டுவிடுவார்கள். துணியைக் கண்டால் கை தானாகப் போகும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. விழாக்களில் வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் நின்று, கேட்பவர்களுக்குக் குவில்ட்டைத் தூக்கிப் பின்பக்கம் காட்டுவது இதற்காகத்தான். நான் வாசலருகே ஒரு சின்னக் குவில்ட்டைத் தொடுவதற்கென்றே தொங்கவிடுகிறேன். ஒவ்வொரு கண்காட்சியும் முடியும்போது அதன் கீழ் ஓரம் கொஞ்சம் கறுத்திருக்கும்.

துணிக்கு மட்டுமே முடிகிற காட்சி ஒன்று உண்டு. எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக, கல்லறை அளவுக்கு 3 அடிக்கு 6 அடி துணியில் ஒவ்வொருவர் பெயரும். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதலில் விரித்தபோது 1,920 துணிகள். அவற்றை மாட்ட எந்தச் சுவரும் போதாது, மைதானத்துத் தரையில்தான் விரித்தார்கள். பார்க்க வந்தவர்கள் நடுவே நடந்து, குனிந்து படித்தார்கள். தூரத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசினேனே, அங்கே அது வேறு மாதிரி வேலை செய்தது: தள்ளி நின்றால் எண்ணிக்கை, குனிந்தால் ஒரு ஆள்.

விற்பனை. பலர் சதுர அங்குலக் கணக்கில் விலை வைக்கிறார்கள், நானும் அப்படித்தான். மணிக்கணக்கில் வைத்தால் யாரும் வாங்க முடியாது. அதனால் வகுப்பும், முன்பு சொன்ன நினைவுக் குவில்ட்டுகளும் இல்லாமல் இதில் மட்டும் பிழைப்பது கடினம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் தன் பைபிள் குவில்ட்டை 1886இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தரவில்லை. சில வருடம் கழித்துக் கையில் காசில்லாமல் போக, பத்து டாலர் கேட்டு ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் பலமுறை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். இன்று அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விற்ற குவில்ட்டைப் போய்ப் பார்க்க அனுமதி கேட்கும் வழக்கம் எனக்கும் வந்துவிட்டது. வாங்கியவர்கள் இதுவரை யாரும் மறுத்ததில்லை.

வருடக் கடைசியில் திரும்பி வந்தவற்றை விரித்து, பூச்சி இருக்கிறதா பார்த்து, பிளாஸ்டிக் பையில் போடாமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பேன். மடித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் மடிப்பு வேறு கோட்டில் விழ வேண்டும். யாரும் படுக்காத கட்டில் ஒன்று இருந்தால் எல்லாவற்றையும் அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி வைப்பதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. சுவருக்காகச் செய்தது கடைசியில் கட்டிலுக்கே போகிறது என்று வீட்டில் சிரிப்பார்கள்.

நீங்கள் தொடங்குவதானால் ஐந்தடிக்குப் போகாதீர்கள். இரண்டடிச் சதுரம் போதும். துண்டுகளைச் சுவரில் வைத்து முடித்த பிறகு ஒரு வாரம் ஊசியைத் தொடாமல், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டடி தள்ளி நின்று பாருங்கள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ஒரு துண்டு மட்டும் கண்ணை உறுத்தத் தொடங்கும். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியும்வரை தைக்காதீர்கள்.